வெள்ளை விழுந்த கல்யாணங்கள்

ஒரு பக்கம் கடலும் மூன்று பக்கம் உப்பளமுமாகக் கிடக்கிற அளத்துக்கரையில், தாலி கட்டி முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் மோதிரம் எடுக்கக் கைவிடுகிற குடத்துத் தண்ணீர், ஒரு தை மாதத்திலிருந்து, அவர்களுடைய கை பட்டதும் வினை புரியத் தொடங்கியது.

முதல் கல்யாணத்தில் அது சூடானது. உப்பு மூட்டை தைக்கிற வீட்டுப் பெண் பித்தளைக் குடத்துக்குள் விட்ட கையை "யம்மா, சுடுது" என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மாப்பிள்ளையும் கையை உதறினான். யாரோ வெந்நீரை ஊற்றிவிட்டார்கள் என்று மச்சினன்மாரைப் பிடித்து ஏசிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்கள். இரண்டாவது கல்யாணத்தில் தண்ணீர் நுரைத்துப் பொங்கிக் குடத்தின் வாயைத் தாண்டி வழிந்து மணமேடைக் கம்பளத்தை நனைத்தது. மூன்றாவதில் தண்ணீர் மயில் கழுத்துப் போல நீலமாகி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்து, இளம்பச்சையாகி நின்றது. நான்காவது கல்யாணத்துக்கு ஊரே வந்தது, அழைக்காதவர்களும் வந்தார்கள், பந்தியில் சோறு போதவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வெயில் ஏன் அடிக்கிறது என்று கேட்டுக்கொண்டு நிற்பவன் பாத்தியில் இறங்கி உப்பு வாரமுடியாது, ஆகையால் எங்கள் ஊரில் அந்தக் கேள்வி பழக்கமில்லை. இது என்ன என்றுதான் கேட்டார்கள். அதைக் கேட்க என்னிடம் வந்தார்கள், ஏனென்றால் நான் அந்த ஊர்ப் பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சர், பெயர் சண்பகவடிவு, எல்லாருக்கும் வடிவு டீச்சர்.

ஊர்க் கமிட்டித் தலைவர் அய்யாத்துரை அண்ணாச்சி, நானூறு ஏக்கர் அளத்துக்குச் சொந்தக்காரர், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட வராந்தாவுக்கே வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, ஒங்க பாடத்துல தண்ணி கொதிக்கிறது, நுரைக்கிறது, கலர் மாறுறது எல்லாம் வருமாமே. எங்க வீட்டுப் புள்ளைக சொல்லுது."

"வரும் அண்ணாச்சி. அது மருந்துக்கும் மருந்துக்கும் நடக்கிறது. மனுசனுக்கும் மனுசனுக்கும் இல்ல."

"இப்ப நடக்குதுல்லா? நீங்க பேரு மட்டும் சொல்லுங்க. பேரு தெரிஞ்சிட்டா பயம் போயிரும்."

வேதிவினைகளின் வகைகள் என்பது பாடப்புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். இரண்டு சேர்ந்து ஒன்றானால் சேர்க்கை. ஒன்று உடைந்து இரண்டானால் சிதைவு, அதற்குச் சூடோ வெளிச்சமோ மின்சாரமோ வேண்டும். புதிதாக ஒன்று வந்து, ஏற்கெனவே சேர்ந்திருக்கிற இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தால் ஒற்றை இடப்பெயர்ச்சி. இரண்டு ஜோடிகள் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொண்டால் இரட்டை இடப்பெயர்ச்சி. காற்றோடு கலந்து சுடர்விட்டால் எரிதல். இந்த ஒன்றரைப் பக்கத்தை முப்பத்தோரு வருஷம், மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடில், காலையில் அளத்தில் உப்புச் சுமந்துவிட்டு வந்து பெஞ்சில் தலைசாய்த்துத் தூங்குகிற பெண்களுக்கு நான் நடத்தியிருக்கிறேன். ஒருத்திகூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. இப்போது ஊரே கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று அதைக் கேட்டது, எனக்குத் தலை சுற்றியது, நான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், பித்தளைக் குடத்தில் ஒன்றும் தெரியாது என்று பள்ளி ஆய்வகத்தின் கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போனேன். மண்டபச் சுவரில் மாட்ட ஐந்து வகைகளையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். முதல் வரிசையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். பேச்சுச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, கொஞ்சம் இருமி, வகையைச் சொன்னேன்.

ஊர் அதை எவ்வளவு சீக்கிரம் உள்ளே வாங்கிக்கொண்டது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். ஆனி மாதத்துக்குள் கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்துக்குக் கீழே "வினை பார்க்கும் நேரம்" என்று அச்சடித்தார்கள். ஐயர் முதல் இரண்டு கல்யாணத்துக்கு முகத்தைச் சுளித்தார், மூன்றாவதில் அதற்கும் ஒரு மந்திரம் வைத்திருந்தார். மாதா கோயிலில் பூசை முடித்த ஜோடிகளும் மாலையோடு மண்டபத்துக்கு வந்து தொட்டியில் கைவிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். மாவட்டத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, கலர் சோடா குடித்து, சாதாரணக் குடிநீர் என்று எழுதி அனுப்பினார்கள். அந்தத் தாளைக் கமிட்டி கண்ணாடி போட்டு மாட்டியது, எங்கள் தண்ணீரில் குற்றமில்லை என்பதற்குச் சான்றாக. குழாயடியில் பெண்கள், "என் மக சேர்க்கையாக்கும், கை வைக்க முடியல, அவ்வளவு சூடு" என்று பீற்றிக்கொண்டார்கள். "ஒங்க வீட்டு நுரைச்ச கல்யாணம், சிதைவுக் கல்யாணம், தெரியாதாளா?" என்று சண்டையில் இழுத்தார்கள். காதலித்து ஓடிப்போய்த் திரும்பி வந்த ஒரு ஜோடிக்குத் தண்ணீரின் மேல் கற்பூரம் அளவுக்கு ஒரு சுடர் நின்று எரிந்து அணைந்தது. கைதட்டினவர்களே வீட்டுக்குப் போகும்போது, எரிஞ்சா சாம்பல்தானே மிஞ்சும் என்று பேசிக்கொண்டு போனார்கள்.

மறுபடி ஒரு கல்யாணத்தில் நீலம் வெளுத்தபோதுதான் பெரிய கூத்து. ஒற்றை இடப்பெயர்ச்சி என்று நான் சொன்னதும், யார் இடத்துக்கு யார் வருகிறார்கள் என்று கூட்டம் சுற்றிப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் வந்து நின்றது. நீல மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் செம்பு வெளியேறும் என்று நான் விளக்கப்போக, அந்த அம்மா, "அப்ப நான் செம்பு, வந்தவ இரும்பா? முப்பது வருசம் ஒலைவச்ச அடுப்ப விட்டு நான் போணுமா?" என்று பந்தலிலேயே உட்கார்ந்து அழுதாள். "ஒனக்குச் செம்பே சாஸ்தி மைனி, நாங்க ஈயம்னுல்லா நெனச்சோம்" என்று அவள் நாத்தனார் சொல்லவும், இரண்டு பேரும் கொண்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த வருஷம் முழுக்கச் சிரித்துக்கொண்டேதான் இருந்தோம்.

பிறகு வெள்ளை விழுந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற வழக்கம் உண்டு. இந்த வீட்டுப் பெண்ணை அந்த வீட்டுப் பையனுக்கும், அந்த வீட்டுப் பெண்ணை இந்த வீட்டுப் பையனுக்கும் ஒரே பந்தலில் கட்டிவைப்பார்கள். மாத்துக் கல்யாணம் என்பார்கள். அப்படி ஒரு பந்தலில் நான்கு கைகள் ஒரே தொட்டிக்குள் போயின. தெளிந்திருந்த தண்ணீர் பால் திரிந்தது போலக் கலங்கி, அந்தக் கலங்கல் பூப்பூவாக இறங்கி, தொட்டியின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளையாகப் படிந்தது. "இரட்டை இடப்பெயர்ச்சி" என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. "வெளைஞ்சிருக்கு, உப்பு வெளைஞ்சிருக்கு!" என்று ஒரு கிழவர் கத்தினார், பெண்கள் குலவையிட்டார்கள், நாதஸ்வரக்காரர் யாரும் கேட்காமலே கெட்டிமேளம் கொட்டச் சொன்னார்.

வேறு ஊராக இருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. அளத்துக்கரைக்காரர்களுக்கு, தெளிந்த நீரின் அடியில் வெள்ளையாக எது உட்கார்ந்தாலும் அது உப்பு, உப்பு என்றால் சோறு. பாத்தியில் உப்பு இறங்குவது தண்ணீர் வெயிலோடு போய்விடுவதால். திரும்பத் தண்ணீர் விட்டால் கரைந்துவிடும். தொட்டியில் விழுந்தது வீழ்படிவு, அது அப்படியில்லை. தண்ணீர் அங்கேயேதான் இருக்கும், ஆனால் அந்தத் தண்ணீருக்குள் அதனால் இருக்கமுடியாது, அதனால் கீழே போகும். போனபின் ஒரு கிணற்றையே கொட்டினாலும் கரையாது. நான் அதை எடுத்துப்போய் ஆய்வகத்தில் எல்லாத் தண்ணீரிலும் கலக்கிப் பார்த்துவிட்டு அய்யாத்துரை அண்ணாச்சியிடம் போனேன்.

"அண்ணாச்சி, இது உப்பு இல்ல."

அவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "கரிக்கல. கரிக்காத உப்பு. வெள்ளையாக் கீழ உக்காருறத நாலு தலைமுறையாப் பாக்கோம் டீச்சரம்மா, எங்களுக்குத் தெரியாததா? வகைய நீங்க சொல்லுங்க, வெளைச்சல நாங்க சொல்லுதோம்."

அதன் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் வெள்ளை வேண்டியிருந்தது. அது விழுவதைப் பார்த்த பிறகே தாலி என்று, தொட்டியை நிச்சயத்திலும் தாலிக்கு முன்னாலும் வைக்க ஆரம்பித்தார்கள். சேர்க்கையின் சூட்டுக்கெல்லாம் மவுசு போயிற்று. வெள்ளை விழ நான்கு கை வேண்டும், நான்கு கைக்கு மாத்துக் கல்யாணம் வேண்டும் என்று ஊர் முடிவு கட்டியது. பையன் இருந்து பெண் இல்லாத வீடுகள் சித்தப்பா மகளை, பெரியம்மா மகளை இரவல் கேட்டன. பன்னிரண்டாம் வகுப்பில் என் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழு பேர், முழுப்பரீட்சைக்கு முன்னால், அண்ணனுக்குப் பெண் வேண்டும் என்பதற்காகப் படிப்பை நிறுத்தினார்கள்.

மாத்துக் கல்யாணம் நடந்த வீடுகளை நான் கவனித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு நான்கு பேரிலும் ஒரு பெண் நன்றாக இருந்தாள், ரேஷன் கடைக்கு வந்தாள், கோயில் கொடைக்கு முளைப்பாரி எடுத்தாள், சிரித்தாள். மற்றவளைக் காணோம். "எங்க ஒங்க மருமக?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில். "உள்ள இருக்கா." ஆடியில் கேட்டாலும் உள்ளே இருக்கிறாள், ஐப்பசியில் கேட்டாலும் உள்ளே இருக்கிறாள். அடிபட்டவளும் இருந்தாள், அடிபடாதவளும் இருந்தாள், பேசாமலே போனவளும் இருந்தாள், எல்லாருமே உள்ளே இருந்தார்கள். யாரும் திரும்பித் தாய்வீட்டுக்கு வரமுடியாது, ஏனென்றால் இவள் வந்தால் அந்த வீட்டுப் பெண்ணை அவர்கள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், அண்ணன் குடும்பம் உடையும். புத்தகப்படி வீழ்படிவில் சேர்ந்த இரண்டும் சேர்ந்தேதான் கீழே போகவேண்டும். எங்கள் ஊரில் பெண் மட்டும் கீழே போனாள், அவளைக் கட்டினவன் தெருவில் பைக்கில் போய்க்கொண்டிருந்தான். இதற்குப் புத்தகத்தில் விளக்கம் இல்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் முதல் வரிசை நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் தம்பி தளவாய்க்கு ஒரு மகன், ஒரு மகள். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், தம்பி வீட்டு மேற்கு அறையில்தான் இருந்தேன். மகன் கதிரேசனுக்கு முப்பத்தாறு வயது, சின்ன வயதில் உப்பு லாரி ஏறி ஒரு கால் சாய்ந்து நடப்பான், பதினோரு வீட்டில் பெண் கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மகள் பூரணக்கனி இருபத்திரண்டு வயது, என் புத்தகங்களைப் படித்து, என்னைப் போலவே வேதியியல் பட்டம் வாங்கி, டவுனில் குடிதண்ணீர் சோதிக்கிற ஆய்வகத்தில் வேலைக்குச் சேர உத்தரவும் வாங்கி வைத்திருந்தாள். அய்யாத்துரை அண்ணாச்சி தன் மகள் ஆவுடைத்தங்கத்தைக் கதிரேசனுக்குத் தருவதாகவும், தன் மகன் ராஜவேலுக்குப் பூரணக்கனியை எடுத்துக்கொள்வதாகவும் சொல்லி அனுப்பினார். ராஜவேல் குடித்துவிட்டு அளத்துப் பெண்களை என்ன பேசுவான் என்பது எல்லாருக்கும் தெரியும். தம்பிக்கும் தெரியும்.

நிச்சயத்தன்று காலை, பத்து மணி வெயிலில், தம்பி வீட்டு முற்றத்தில் தொட்டியை வைத்தோம். நான், "நாலு கைக்கு முன்னாடி ரெண்டு ரெண்டா ஒரு தடவை பார்த்துக்கிடுவோம், அளவு சரியா வரணும்" என்று ஒரு பொய் சொன்னேன். கதிரேசனும் ஆவுடைத்தங்கமும் கை விட்டார்கள். அந்தப் பெண் அவனுடைய சாய்ந்த காலைப் பார்க்கவே இல்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தாள். தண்ணீர் தெளிந்தே இருந்தது, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. தண்ணீரை மாற்றினோம். ராஜவேலும் பூரணக்கனியும் கை விட்டார்கள். என் தலையும் அவள் தலையும் தொட்டியின் மேல் குனிந்திருந்தன, வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுடைய மணிக்கட்டைச் சுற்றி வெள்ளை திரளத் தொடங்கியது.

அவள் கையை எடுத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல எழுந்து என் அறைக்குள் போனாள். நான் பின்னால் போனேன்.

"அத்தை, பாத்தீங்கள்லா?"

"பாத்தேன்."

"நான் வாயத் தொறந்தா படிச்ச திமிர்னு சொல்லுவாக. நீங்க சொன்னா ஊரு கேக்கும். எந்தப் பக்கம் விழுதுன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"சொல்லுதேன்" என்றேன்.

அவள் வெளியே போனதும் தம்பி உள்ளே வந்தான். அவன் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. "அக்கா, என்ன பாத்தியோ எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் மாட்டேன். கதிரேசன் காலைலருந்து அஞ்சு தடவ தல சீவிட்டான். முப்பத்தாறு வயசுல இன்னைக்குத்தான் அவன் கண்ணாடி பாத்து நான் பாக்கேன்" என்றான். பிறகு, "நீ இந்த வீட்லதான இருக்க" என்று சொல்லி நிறுத்தினான். மிரட்டினானா, சொந்தம் கொண்டாடினானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நான்கு கைகளும் தொட்டிக்குள் போயின. வெள்ளை இறங்கியது. அந்த வருஷத்திலேயே அதிகமான வெள்ளை அதுதான் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். பூரணக்கனி தண்ணீரைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, கொஞ்சம் இருமி, "இரட்டை இடப்பெயர்ச்சி" என்றேன். அது உண்மை. முழுக்கச் சரியான விடை. எந்தப் பரீட்சையிலும் அதற்கு முழு மதிப்பெண் உண்டு. எது கீழே விழுகிறது என்பதைக் கேள்வித்தாளில் கேட்பதே இல்லை.

குலவை ஓய்ந்தபோது அவள் தலை குனிந்திருந்தாள். அதன் பிறகு என்னை அத்தை என்று கூப்பிடவில்லை, கூப்பிடவே இல்லை.

இரண்டு வருஷம் போயிற்று. ஆவுடைத்தங்கம் தம்பி வீட்டில் சர்க்கரை போலக் கரைந்து போனாள். எந்த மூலைக்குப் போனாலும் அவள் ருசி இருந்தது. கதிரேசனுக்குச் சாய்ந்த காலுக்கேற்ற மாதிரி செருப்பு செய்து வாங்கிக்கொடுத்தாள், என் கண்ணாடியைத் தினமும் துடைத்து வைத்தாள், "பெரியத்தை, இந்த வேதியியல்ல கொழம்பு ஏன் திரியுதுன்னு வருமா?" என்று கேலி பண்ணினாள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. நான் அய்யாத்துரை அண்ணாச்சி வீட்டுக்கு எட்டுத் தடவை போனேன். எட்டுத் தடவையும் அவர் சம்சாரம் வாசலிலேயே காப்பி கொடுத்து, "உள்ள இருக்கா டீச்சர்" என்றாள். ஒன்பதாவது தடவை பின்பக்கமாகப் போய்ப் பார்த்தேன். துணி துவைக்கிற கல்லில் பூரணக்கனி உட்கார்ந்திருந்தாள், உதட்டோரம் பச்சையாகக் கன்றியிருந்தது.

"வீட்டுக்கு வந்திரு" என்றேன்.

"வந்தா ஆவுடைய இவுக கூட்டிட்டு வந்திருவாக. அவ என்ன பாவம் பண்ணா?" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தாள்.

அந்த வாரம் நான் கமிட்டிக்குப் போய் எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி நாற்காலியை விட்டேன். அதைத்தான் என் துணிச்சல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அய்யாத்துரை அண்ணாச்சி கொஞ்சமும் கவலைப்படவில்லை. "வீட்டுக்குள்ளயே பட்டம் வாங்கின ஆளு இருக்கும்போது நமக்கென்ன? எங்க மருமக பாப்பா" என்று பெருமையாகச் சொன்னார். அப்படித்தான் இரண்டு வருஷத்துக்குப் பிறகு பூரணக்கனி பட்டுச்சேலை கட்டி, பவுடர் பூசின உதட்டோடு வெளியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு மாத்துக் கல்யாணம். இரண்டு வீட்டு ஆட்களும் மண்டபம் நிறைய இருந்தார்கள், நான் கடைசி வரிசையில் நின்றேன். தாலிக்கு முன்னால் நான்கு பேரும் கையை நீட்டியபோது அவள், "நாலு கையும் வேண்டாம், ரெண்டு ரெண்டா விடுங்க" என்றாள். என்னைப் போல முற்றத்தில் பொய் சொல்லிச் செய்யவில்லை, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். முதல் ஜோடிக்குத் தண்ணீர் தெளிவாக இருந்தது. இரண்டாவது ஜோடியில் பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது, கைவிட்டதும் வெள்ளை திரண்டது, குலவைக்கு வாய் திறந்தார்கள்.

"குலவை போடாதீங்க" என்றாள் பூரணக்கனி. "இது உப்பு இல்ல."

"வகையச் சொல்லும்மா" என்றார் மாமனார்.

"வகைய சொவத்துல எழுதித் தொங்க விட்ருக்கு மாமா, அதப் பாத்து யாரும் சொல்லலாம். நான் எது விழுதுன்னு சொல்லுதேன். இந்தப் பொண்ணுதான் விழுதா." பிறகு முந்தானையால் உதட்டை அழுத்தித் துடைத்தாள். "இது அடியில கெடந்தா எப்படி இருக்கும்னு கேட்டியன்னா, நான் இருக்கேன், பாத்துக்கிடுங்க. ரெண்டு வருசமாக் கெடக்கேன். எத்தன தண்ணி ஊத்தியும் கரையல."

அந்தப் பதினெட்டு வயதுப் பெண் தொட்டியிலிருந்து கையை எடுத்தாள். எடுத்து, ஈரத்தைத் தன் புதுச்சேலையிலேயே துடைத்துக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கி, தன் அம்மாவிடம் போகாமல் நேரே வாசலுக்கு நடந்தாள். அளத்துக்கரையில் முதல்முறையாக ஒரு மாத்துக் கல்யாணம் நின்றது.

ஊர் இதையும் உள்ளே வாங்கிக்கொண்டது. பதினைந்து நாளில் கமிட்டி கூடி, கண்ணாடித் தொட்டியில் இனிமேல் மஞ்சள் கரைத்துத்தான் தண்ணீர் வைக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டது, மங்கலமாக இருக்கும் என்று காரணம் சொன்னார்கள். மஞ்சளுக்கு அடியில் எது விழுந்தாலும் தெரியாது. ஆனால் அது பிறகு நடந்தது. அன்றைக்கு நடந்ததைச் சொல்லவேண்டும்.

பந்தி போடாமல் கலைந்த கூட்டத்தில் நான் வீட்டுக்கு ஓடி வருவதற்குள் அய்யாத்துரை அண்ணாச்சியின் வேன் தம்பி வீட்டு வாசலில் நின்றது. ஒரு துணிப்பையோடு பூரணக்கனியை இறக்கிவிட்டார்கள். ராஜவேல் வாசலில் நின்று, "எங்க வீட்டுப் பொண்ண அனுப்புங்கலே" என்று கத்தினான். கதிரேசன் நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, "அவ வரமாட்டா மச்சான், அவ எம் பொண்டாட்டி" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனார்கள். ஆவுடைத்தங்கம் தூணைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்னண்ணே செஞ்சேன்? நல்லாத்தான இருக்கேன்? நான் நல்லா இருக்கேன்ணே" என்று அண்ணனிடம் கெஞ்சினாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். குழந்தையைத் தூக்கப் போனபோது தம்பி பெண்டாட்டி சொர்ணம், "புள்ள எங்க வீட்டுப் புள்ள" என்று பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நல்லது செய்வதாகத்தான் அவளும் நினைத்தாள். வேன் கிளம்பியபோது ஆவுடைத்தங்கத்தின் ரவிக்கையில் பால் நனைந்திருந்தது.

கதிரேசன் வேன் போன பாதையைப் பார்த்து வாசலில் உட்கார்ந்திருந்தான், அவனுடைய செருப்பில் ஒன்று தெருவில் கிடந்தது. எட்டு மாதக் குழந்தை பசியில் வீறிட்டது. பூரணக்கனி பட்டுச்சேலையோடு அடுப்படித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதை மடியில் போட்டுக்கொண்டு, பால் மாவை வெந்நீரில் கலக்கி, ஸ்பூனால் ஊட்டிப் பார்த்தாள். அது துப்பியது. மறுபடி ஊட்டினாள். மறுபடி துப்பியது.

நான் கதவோரம் நின்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

"அன்னைக்கு நீங்க சொல்லியிருந்தா ஒரு நிச்சயம் நின்னுருக்கும். அண்ணன் அழுதிருப்பான், ஆவுடை வேற எங்கயாவது போயிருப்பா, இந்தப் புள்ள பொறந்தே இருக்காது. இன்னைக்கு நான் சொன்னேன். சொன்னது தப்பில்லன்னு எனக்குத் தெரியும். ஆனா இதுக்குப் பசிக்குதே."

"கனி" என்றேன்.

"ஒங்களுக்குத்தான் எல்லாத்துக்கும் ஒரு பேரு தெரியுமே டீச்சர்" என்றாள் அவள். "இந்த வீட்ல இப்ப நடந்தது எந்த வகைன்னு சொல்லுங்க."

ஒன்றாக இருந்தது, சூட்டில், இரண்டாக. பெயர் நான் தேடாமலே நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. குழந்தை கத்திக்கொண்டிருக்கும்போது, அவ்வளவு சரியாக, அவ்வளவு சீக்கிரம் அது வந்ததே என்று எனக்கு என் வாயின் மேலேயே அருவருப்பாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவள் ஸ்பூனை மறுபடி பாலில் முக்கினாள்.